காதைப் பொத்திப் பாடிய இரண்டாம் குரல்

ஒரே பாட்டை எந்தப் பாடகர் குழுவிடம் கொடுத்தாலும் பாடிவிடுவார்கள் என்று நம்பிய முட்டாள் நான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம், எனக்கு இருபத்தாறு வயது. பண்டத்தரிப்புக்குப் போகிற வழியில் ஒரு கிராமத்து மிஷன் பெண்கள் பள்ளிக்கூடத்தில் பாட்டு ரீச்சர் வேலை. பயிற்சிக் கல்லூரியில் ஒரு வெள்ளைக்கார அம்மாவிடம் படித்த படிப்பு, தட்டினால் சுருதி தரும் ஓர் இரும்புக் கவர், நாலு குரலுக்கு நாலு வரியாக அச்சடித்த தடித்த பாட்டுப் புத்தகம் ஒன்று, இவ்வளவோடும் மாட்டுவண்டியில் வந்து இறங்கினேன். யாழ்ப்பாணத்துக்கே பாடச் சொல்லிக்கொடுக்கப் போகிறேன் என்ற நினைப்பு வேறு.

வந்த கிழமையே என் தலையில் மூன்று குழுக்களைக் கட்டிவிட்டார்கள். முதலாவது, விடுதிப் பிள்ளைகள். மெல்லிய குரல்கள், மேலே எவ்வளவு தூரமும் போவார்கள், கீழே இரண்டு சுரம் இறங்கச் சொன்னால் காற்றுத்தான் வரும். இரண்டாவது, தேவாலயத்து ஞாயிற்றுக்கிழமைக் குழு. அதில் தலைமை வாத்தியார், ஆசுப்பத்திரியில் மருந்து கொடுக்கிற அப்போதிக்கரி, ஒரு சுருட்டு வியாபாரி, இன்னும் மூன்று பேர், அவர்களுடைய மனைவிமார். மூன்றாவது, புதன்கிழமை செப வீட்டில் பாயில் இருந்து பாடுகிற தோட்டக்காரக் குடும்பங்கள். அவர்களில் எழுத்துத் தெரிந்தவர்கள் குறைவு. ஆனால் ஒரு தரம் கேட்டதை மறக்க மாட்டார்கள்.

மூன்று குழுவுக்கும் ஒரே பாட்டைக் கொடுத்தேன். பிள்ளைகள் அதைக் கண்ணாடிப் பாத்திரம்போலத் தூக்கிக்கொண்டு போனார்கள். புதன்கிழமைக்காரர் அதே பாட்டை இழுத்து, வளைத்து, ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு குழைவு வைத்து, வெள்ளைக்கார மெட்டுக்கு வேட்டி கட்டி அனுப்பினார்கள். எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வந்தது. "இழுக்காதேங்கோ, நேராய்ப் பாடுங்கோ" என்று தொண்டை கிழியக் கத்தினேன். ஒரு கிழவர் மிகவும் பணிவாக, "நேராய்த்தான் பிள்ளை பாடுறம்" என்றார். பொய் சொல்லவில்லை, அவருக்கு நேர் அதுதான்.

ஞாயிற்றுக் குழுவோ வேறு கதை. அவர்களுக்குப் பெரிய பாட்டு வேண்டும். உயிர்த்தெழுந்த திருநாளுக்கு நாலு குரல் பாட்டு ஒன்றைத் தெரிந்தெடுத்தேன். ஆண்களுக்குக் கீழ்க்குரல் வரியைப் படிப்பித்தேன். இரண்டு கிழமை பாடிவிட்டு அப்போதிக்கரி ஒரு நாள் எழும்பினார்.

"ரீச்சர், பாட்டை உங்கடை பொம்பிளையள் பாடுகினம். நாங்கள் என்னத்தைப் பாடுறம்?"

"நீங்களும் பாட்டைத்தான் பாடுறியள், ஐயா. அது கீழ்க்குரல்."

"உது பாட்டில்லை. பின்பாட்டு. எங்களுக்குப் பின்பாட்டுப் பாடிப் பழக்கமில்லை."

திருநாள் காலையில் முதலாம் அடி முடிவதற்குள் ஆறு ஆண்களும் ஒருவர் பின் ஒருவராக வேலி பாய்ந்து மெட்டுக்கு வந்துவிட்டார்கள். எல்லாரும் ஒரே வரியை உரத்துப் பாடி முடித்தார்கள். சனம் நல்ல பாட்டு என்றது. நான் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடாமல் படுத்தேன்.

என்னுடைய ஆசை என்னவென்று சொல்ல வேண்டும். பயிற்சிக் கல்லூரியில் ஒரு நாள் நாங்கள் எட்டுப் பேர் இரண்டாகப் பிரிந்து இரண்டு வரி பாடினோம். நான் என் வரியைப் பாடிக்கொண்டே இருக்கும்போது, யாருமே பாடாத ஏதோ ஒன்று அறைக்குள் வந்து நின்றது. என் வரியும் அல்ல, அவர்கள் வரியும் அல்ல. இரண்டுக்கும் நடுவில் பெரிதாக ஒன்று. எனக்கு உடம்பு சிலிர்த்தது. தேவாலயத்தில் முழங்காலில் நின்றபோதுகூட அப்படிப் பயபக்தி எனக்கு வந்ததில்லை. வந்தது என்று சொன்னால் பொய். அதை இந்த ஊருக்கு ஒரு தரமாவது கேட்கப் பண்ண வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றேன். ஆனால் இரண்டாம் குரல் பாட ஆளில்லை. பிள்ளைகளுக்குக் கீழே குரலில்லை, ஆண்களுக்கு மனமில்லை.

அந்த வருடம் மார்கழி கழிந்து தை பிறந்த சமயம். விடியற்காலை, விடுதிக்குப் பின்னாலுள்ள புகையிலைத் தோட்டத்தில் கிணற்று ஏற்றமான துலாவை மிதிக்கிற சத்தம் கேட்டது. இரண்டு பேர் துலாவின் மேல் முன்னும் பின்னுமாக நடக்க, ஓலையில் பின்னிய பட்டை கிணற்றுக்குள் போய்த் தண்ணீரோடு மேலே வரும். அந்தச் சத்தத்துக்குள் ஒரு குரல். ஆழமான குரல், தரையிலிருந்து வருவதுபோல இருந்தது. சொல் ஒன்றுமில்லை, வெறும் இராகம். அடடா, இந்த ஊரில் இப்படி ஓர் ஆண் குரல் இருந்தும் ஞாயிற்றுக்கிழமை எங்கே ஒளித்துக்கொள்கிறான் என்று எண்ணிக்கொண்டு, தலைகூட வாராமல் வேலிக்கு ஓடினேன்.

துலாவில் நடந்த ஆண்கள் வாய் திறக்கவில்லை. பாத்திகளுக்குள் காலால் மண்ணைத் தள்ளித் தண்ணீர் கட்டிக்கொண்டு நின்ற ஒரு பெண்தான் பாடினார். நாற்பது வயதிருக்கும். சீலையைத் தூக்கிச் செருகியிருந்தார். எனக்கு அவரைத் தெரியும். ஞாயிறுதோறும் பெண்கள் பாயில் கடைசி மூலையில் இருக்கிற விதவை. பாட்டு நேரத்தில் வாயை இறுக மூடிக்கொண்டு புத்தகத்தைப் பார்த்தபடி இருப்பார். வாசிக்கத் தெரியாதாக்கும் என்று நினைத்திருந்தேன்.

என்னைக் கண்டதும் பாட்டு நின்றது. திருடும்போது பிடிபட்டவர் மாதிரி நின்றார்.

"அக்கா, உங்கடை குரலோ உது?"

"போதகர் ஐயாவுக்குச் சொல்லிப் போடாதேங்கோ, ரீச்சர்."

"ஏன்?"

"கோயிலிலை பாடக்கூடாதெண்டு சொல்லியிருக்கிறார். தோட்டத்திலை பாடக்கூடாதெண்டு சொல்லேல்லை. ஆனாலும் ஒரு பயம்."

மெல்ல மெல்லக் கதையைக் கறந்தேன். பத்து வயதில் ஞாயிறு பள்ளியில் பாடினபோது பிள்ளைகள் திரும்பிப் பார்த்து, ஆம்பிளைப் பெட்டை என்று சிரித்தார்களாம். கலியாணத்துக்குப் பின் ஒரு நாள் கோயிலில் வாய் விட்டுப் பாடினபோது, வந்திருந்த வெள்ளைக்காரர் இருவர் ஆண்கள் பக்கம் திரும்பி யார் என்று தேடினார்களாம். சபை சிரித்தது. போதகர் புருஷனைக் கூப்பிட்டு, "அவவை மனதுக்குள்ளை பாடச் சொல்லும், ஆண்டவருக்குக் கேட்கும்" என்றாராம். அன்றிலிருந்து அவர் மனதுக்குள்ளேதான் பாடினார்.

"ஆண்டவருக்குக் கேட்கும்தான், ரீச்சர். எனக்கு ஒருக்கால் கோயிலுக்குள்ளை வாய் திறந்து பாடவேணும். அவ்வளவுதான் ஆசை. பிறகு நான் வாயே திறக்கமாட்டன்."

எனக்குக் கண் கலங்கியது. அதே மூச்சில் கோபமும் வந்தது. நேரே போதகர் வீட்டுக்குப் போனேன். அந்த வீடும் அதே தோட்டத்தின் மற்றப் பக்க வேலியோடுதான் இருந்தது. போதகர் கெட்டவர் அல்லர். சபையில் ஒருவரும் சிரிக்கக்கூடாது என்பதே அவருடைய பெரிய கவலை. நான் வாயைக் கொடுத்து நிறைய வாங்கிக் கட்டிக்கொண்டேன், ஆனாலும் விடவில்லை. கடைசியில் ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்.

"மாசியிலை அறுப்புப் பண்டிகை வருது. ஆராதனை முடிய வெளியிலை, முற்றத்திலை ஒரு பாட்டு வையும். கோயிலுக்குள்ளை இல்லை. அவ அதிலை தன்ரை பங்கைத் துவக்கத்திலையிருந்து முடிவு மட்டும், பிசகாமல், ஒருதரும் சிரிக்காமல் பாடி முடிச்சா, அடுத்த ஞாயிறு பாட்டுக் கொயரோடை இருக்கட்டும். இடையிலை குழம்பினா நீரும் இனிக் கேக்கப்படாது, அவவும் கேக்கப்படாது. சரியோ?"

"ஓம், ஐயா."

அப்போதுதான் பாட்டுத் தெரிந்தெடுப்பது என்றால் என்னவென்று நான் படித்தேன். முன்பெல்லாம் புத்தகத்தைத் திறந்து, எனக்குப் பிடித்ததை எடுப்பேன். இப்போது ஆட்களை ஒவ்வொருவராக எண்ணிப் பார்த்தேன். பிள்ளைகள் மேலே போக வேண்டும். ஆண்கள் மெட்டை விடமாட்டார்கள். சரி, மெட்டையே பாடட்டும். அந்த அக்கா பாடிப் பழக இடம் ஒன்றே ஒன்றுதான்: கிணற்றடி. அது பங்குக் கிணறு. ஐந்து குடும்பம் முறை வைத்துத் தண்ணீர் இறைக்கும். நாலு குடும்பம் சைவம். அங்கே நின்று ஆறு கிழமை கிறிஸ்தவ வேதக்காரப் பாட்டைப் பாடினால் முகம் சுளிப்பார்கள். சுளிக்காவிட்டாலும் அது மரியாதையில்லை. முற்றத்துக்கு வருகிற சனத்திலும் பாதிக்கு மேல் சைவர்தான். பண்டிகை முடிய நடக்கிற ஏலத்தில் பூசணிக்காயும் வாழைக்குலையும் எடுக்க எல்லாரும் வருவார்கள்.

ஆகவே புத்தகத்தை மூடிவிட்டு நானே எழுதினேன். எந்தத் தெய்வத்தின் பெயரும் இல்லை. மாரி வந்தது, மண் குளிர்ந்தது, மடை திறந்தது, மனம் நிறைந்தது என்று நாலு அடி. அதே மாதிரி இன்னும் மூன்று கண்ணி. மேலே ஒரு மெட்டு. கீழே அந்த அக்காவுக்கு நாலைந்து சுரங்களுக்குள் நடக்கிற ஒரு வரி. அவர் குரல் எங்கே வசதியாக இருக்கிறதோ அங்கேயே வைத்தேன். துலாவின் நடைக்குக் கால் வைக்கக்கூடிய தாளத்தில் வைத்தேன்.

போதகர் தாளை வாசித்துவிட்டு, "இதிலை கடவுள் எங்கை?" என்றார்.

"மழையை ஆர் தந்ததெண்டு பாட்டுச் சொல்லேல்லை, ஐயா. கேக்கிறவை நினைச்சுக்கொள்ளட்டும்."

"நீர் நல்லாய்க் கதைக்கிறீர்," என்று தாளைத் திருப்பித் தந்தார்.

அந்த அக்கா வரியை இரண்டே நாளில் பிடித்துவிட்டார். தனியே விட்டால் மலைபோல நிற்பார். ஆனால் சனிக்கிழமை பிள்ளைகளோடு சேர்த்து நிறுத்தினால், மூன்றாம் சொல்லில் பிள்ளைகளின் மெட்டு அவரை இழுத்துக்கொண்டு போய்விடும். பாவம், வியர்த்துக் கொட்டும். நாலு தரம் பார்த்தேன், ஐந்து தரம் பார்த்தேன். பொறுமை போய்விட்டது.

"அக்கா, காதைப் பொத்திக்கொண்டு பாடுங்கோ."

இரண்டு உள்ளங்கையாலும் காதை அடைத்துக்கொண்டு பாடினார். அசையவில்லை. சரியாக வந்தது. அதன் பிறகு எப்போதும் அப்படித்தான். முக்காட்டைப் போட்டு, அதற்குள் கைகளை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு பாடுவார். பாட்டு முடிந்ததா என்பதுகூட அவருக்குக் கேட்காது. நான் தோளில் தொட வேண்டும். இரண்டு குரலும் சேரும்போது என் உடம்பு சிலிர்க்கும். அந்த அக்காவுக்கு மட்டும் ஒன்றும் கேட்காது. அதை அப்போது நான் யோசிக்கவில்லை, வெட்கமாக இருக்கிறது.

இன்னொன்றையும் நான் கவனிக்கவில்லை. பண்டிகைக்கு முந்திய கிழமை, பங்குக் கிணற்றுக் குடும்பத்து வண்டிக்காரர் ஒருவர் மாட்டை ஓட்டியபடி எதையோ முணுமுணுத்தார். மெட்டும் இல்லை, ஒன்றுமில்லை, என்ன கோதாரியைப் பாடுகிறார் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டேன். பாட்டு ரீச்சராம் நான்.

பண்டிகை நாள். பீடத்தைச் சுற்றி நெற்கதிர், பயற்றங்காய், முட்டைக் கூடைகள், காலில் கயிறு கட்டிய ஒரு சேவல். ஆராதனை முடிந்தது. அந்த அக்கா உள்ளே வழக்கம்போல வாயை மூடிக்கொண்டே இருந்தார். வெளியே வேப்பமரத்தடியில் ஏலத்துக்குச் சனம் நிறைந்திருந்தது. விபூதிப் பூச்சோடு தோட்டக்காரர், இடுப்பில் பிள்ளைகளோடு பெண்கள். பிள்ளைகளை முன் வரிசையில் நிறுத்தினேன். ஆண்கள் ஒரு பக்கம். பின்னால் தனியாக அந்த அக்கா. இரும்புக் கவரை முழங்காலில் தட்டிச் சுருதி கொடுத்தேன். அவருக்கு அதைக் காதருகே பிடித்துக் கேட்பித்தேன். அவர் முக்காட்டுக்குள் காதைப் பொத்தினார்.

முதற்கண்ணி நன்றாகப் போனது. மேலே மெட்டில் பிள்ளைகளும் ஆண்களும், கீழே அந்த ஒரு குரல், ஒற்றையாக, மண் மாதிரி. ஒருவரும் சிரிக்கவில்லை. நான் ஆண்டவரே, ஆண்டவரே என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு தாளம் போட்டேன்.

இரண்டாம் கண்ணியில் எனக்குப் பின்னால் ஏதோ கேட்டது. முதலில் வண்டு இரைகிறது என்று நினைத்தேன். பிறகு அதற்குள் சொல் வந்தது. திரும்பினேன். துலா மிதிக்கிற அந்த இரண்டு ஆண்களும் பாடினார்கள். வண்டிக்காரர் பாடினார். அவர்களுக்குப் பக்கத்தில் பெண்கள். சனம் பாடியது. மெட்டை அல்ல. அவருடைய வரியை. ஆறு கிழமையாக நாள்தோறும் விடியற்காலையில் கிணற்றடியில் கேட்டு, துலாவில் அதற்குக் கால் வைத்து நடந்து, அதுதான் பாட்டு என்றே அவர்கள் எடுத்துக்கொண்டுவிட்டார்கள். முப்பது, நாற்பது குரல்கள், தோட்டக்காரக் குரல்கள், அவர்களுடைய குழைவோடும் இழுப்போடும், அந்த நாலைந்து சுரத்தில் ஒன்றாக நடந்தன. அதன் மேல் பிள்ளைகளின் மெட்டுப் பயமில்லாமல் ஏறி நின்றது.

கல்லூரி அறையில் எட்டுப் பேருக்கு நடுவில் வந்து நின்றதே, அது இப்போது வேப்பமரத்தடியில் வந்து நின்றது. அன்று அறை அளவு. இன்று வானம் அளவு. என் கை தாளம் போட மறந்தது. என்னை ஒருவரும் பார்க்கவுமில்லை. எனக்கு அழுகை வந்தது, அழுதேன்.

மூன்றாம் கண்ணியில் அந்த அக்காவின் முக்காடு அசைந்தது. நிலத்தின் வழியாகவோ காற்றின் வழியாகவோ அவருக்கு ஏதோ தெரிந்திருக்க வேண்டும். கைகளை மெல்லக் காதிலிருந்து எடுத்தார். கண்ணைத் திறந்தார். பாட்டை நிறுத்திவிட்டார். வாய் திறந்தபடி இருந்தது; சத்தமில்லை. பாட்டு முடியும்வரை ஒரு சொல்லும் பாடாமல் நின்று கேட்டார்.

போதகர் என்னிடம் வந்தார். முகம் வாடியிருந்தது, அவருக்கும் விருப்பமில்லாத வேலைதான்.

"பிள்ளை, அவ இடையிலை நிப்பாட்டிப் போட்டா. நாங்கள் கதைச்சது ஞாபகம்தானே?"

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. "ஐயா, நீங்கள் பாடினனீங்களோ?"

"ஓம். ஆர்தான் பாடேல்லை?"

"எங்கை, பாடினதை ஒருக்கால் பாடிக் காட்டுங்கோ."

நல்ல மனிதர், பாடினார். மாரி வந்தது, மண் குளிர்ந்தது. ஒரு சுரம் பிசகாமல் அந்த அக்காவின் வரி.

"பிள்ளையள் பாடின மெட்டு உதில்லை, ஐயா. இப்ப அதைப் பாடுங்கோ."

முயன்றார். இரண்டாம் சொல்லில் திரும்பவும் கீழே விழுந்தார். இன்னொரு தரம் முயன்றார். அதே இடத்தில் அதே வரி. தன் வீட்டு வேலியையும் அப்பால் தெரிந்த துலாவையும் பார்த்தார்.

"விடிய நான் முகம் வழிக்கேக்கை கேக்கிறது," என்றார் மெதுவாக. "ஆரோ பொடியன் பாடுறான், நல்ல குரல் எண்டு நினைச்சனான்."

பூசணிக்காயை ஏலம் கூற அவரைக் கூப்பிட்டார்கள், போய்விட்டார்.

அந்த அக்கா என்னிடம் வந்து கையைப் பிடித்தார். "மன்னிச்சுக்கொள்ளுங்கோ, ரீச்சர். நிப்பாட்டினது பிழைதான். எல்லாரும் பாடிச்சினம், கேட்டுக்கொண்டு நிண்டிட்டன்." சற்றுப் பொறுத்து, "எங்கடை பாட்டுக்கு மேலாலை பிள்ளையள் என்னவோ சேர்த்துப் பாடிச்சினமே, அது நல்ல வடிவு" என்றார்.

நான் திருத்தவில்லை. யார் யாருக்குப் பின்பாட்டு என்று சொல்ல எனக்கு இனி வாயில்லை.

அடுத்த ஞாயிறு நான் கோயிலுக்குள் போனபோது பாடகர் வரிசையில் ஒரு கதிரை கூடுதலாக இருந்தது. போதகரே தன் வீட்டிலிருந்து தூக்கிக்கொண்டு வந்தார் என்று அப்போதிக்கரி என் காதில் சொன்னார். அந்த அக்கா வந்து அதில் இருந்தார், நுனியில். எங்கள் பழைய தோத்திரப் பாட்டு ஒன்றையே தெரிந்தெடுத்து, கிழமைக்குள் அவருக்கு ஒரு கீழ் வரி எழுதிப் பழக்கியிருந்தேன். எல்லாரும் எழும்பினோம். சுருதி கொடுத்தேன். அவர் பழக்கத்தில் முக்காட்டை இழுத்து, இரண்டு கைகளையும் காதுக்குக் கொண்டுபோனார்.

நான் தாளத்தை விட்டுவிட்டு அவரிடம் போய், அந்தக் கைகளைப் பிடித்து இறக்கினேன்.

"கேட்டுக்கொண்டு பாடுங்கோ, அக்கா."

பாடினார். வரி அசையவில்லை.